திரும்பி வருகிற மாதிரி ஒரு பெட்டி

கோபம் வராமலே முப்பது வருஷம் என்னைக் கோபித்துக்கொண்ட என் ரெஜினா அண்ணிக்கு,

நலமா என்று கேட்டால் நீ சிரிப்பாய். அதனால் கேட்கவில்லை. இங்கே நான் நலம். அண்ணன் பாதி நலம். உன் கோழியும் நலம்தான், முட்டை வைப்பதை மட்டும் உன் ஞாபகார்த்தமாக நிறுத்திவிட்டது.

உன் முப்பதாம் நாள் பூசை நேற்று முடிந்தது. கோயில் பங்குப் பத்திரிகையில் உன்னைப் பற்றிப் போட வேண்டும், நாலு வரி எழுதிக் கொடு பிலோமினா, எழுத்துப் பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மாதா கோயில் டீச்சரம்மா சொன்னார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவளிடம் வந்து கேட்கிறார்கள் பார். உன்னை நாலு வரியில் எப்படி அடக்குவது? உன்னை நாலு பேர் தூக்கவே முடியாமல் ஆறு பேரைக் கூப்பிட்டோம். ஆகவே நீளமாகத்தான் எழுதுகிறேன். நான் பேசுவது உன்னிடம். மற்றவர்கள் காதில் விழுந்தால் விழட்டும்.

முதலில் செய்தி. நாளை மறுநாள் கப்பல், அண்ணி. நான் போகிறேன்.

போன வாரம் வரை போவதாக இல்லை. கடலுக்குப் பயந்து இல்லை. பெட்டிக்குப் பயந்து. அந்தக் கதையை நம் சந்தில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். ஒருத்தி நீ எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டதாகவே சொல்லிவிட்டாள். நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன். தப்பாகச் சொன்னால் நீ எப்போதும் செய்வதுபோல் நடுவில் ஒரு "க்கும்" கொடு. வேண்டாம், கொடுக்காதே.

உன் மகன் சேவியர் வேலை செய்வது சின்னக் கப்பல். துறைமுகத்தில் நிற்கும் பெரிய கப்பல்களுக்குப் பக்கத்தில் நின்றால் லாரிக்குப் பக்கத்தில் சைக்கிள் நிற்கிற மாதிரி இருக்குமாம். அந்தமான் பக்கம் ஆளே இல்லாத தீவுகளுக்குப் போகும். பறவை பார்க்கிறவர்கள், பவளம் பார்க்கிறவர்கள், வெள்ளைக்காரர்கள் என்று இருபது முப்பது பேரை ஏற்றிக்கொண்டு சுற்றும். தீவில் இறங்க மேடை எல்லாம் கிடையாது. கப்பலின் பக்கவாட்டில் ஏணியைத் தொங்கவிடுவார்கள். அதில் இறங்கி, காற்றடைத்த ரப்பர் படகில் உட்கார்ந்து, முழங்கால் தண்ணீரில் குதித்து, மணலுக்கு நடந்து போக வேண்டும். சேவியர் அங்கே சமையல்காரருக்குக் கையாள். மழைக் காலத்துக்கு முந்தின கடைசிப் பயணத்தில் ஓர் அறை காலியாக இருக்கும், அம்மாவையும் அத்தையையும் கூட்டிவா என்று அவன் கேப்டனே சொல்லிவிட்டாராம்.

அதைக் கேட்ட நாளிலிருந்து நீ தரையில் நடக்கவில்லை. ஏணி ஏறிப் பழகணும் என்று தண்ணீர் லாரியின் பின்னால் ஏறி இறங்கினாயே, டிரைவர் நீ தண்ணீர் திருடுகிறாய் என்று கத்தினாரே. புடவையோடு ஏணி இறங்க முடியாது என்று சேவியர் சொன்னதும் சுடிதார் தைக்கக் கொடுத்தாய். அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபோது அண்ணன் உன்னைப் பார்த்து, "இன்னாம்மா வேணும்?" என்று கேட்டார். அவருக்கு நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை. இதை எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்போம்.

அறையில் இரண்டு படுக்கை. ஒன்றின் மேல் ஒன்று. கீழ்ப் படுக்கை யாருக்கு என்று நாம் போட்ட சண்டையை அம்பத்தூரே கேட்டது. நீ மேலே படுத்தால் படுக்கை உடைந்து கீழே இருக்கிற என் மேல்தான் விழுவாய் என்று நானே வாய்விட்டேன். அதனாலேயே நீ ஜெயித்தாய். கீழ்ப் படுக்கை உனக்கு என்று முடிவானது.

குடையால் ஒரு சண்டை. குடை கப்பலில் நிற்காது, காற்று பிடுங்கிக்கொள்ளும், மழைக்கோட்டுதான் வேண்டும் என்று சேவியர் சொன்னான். "கொடை இல்லாம நான் எங்கியும் வரமாட்டேன்," என்று நீ சொல்லிவிட்டாய். வெயிலோ மழையோ, எண்ணெய் வாங்கப் போனாலும் கையில் அந்தக் கறுப்புக் குடை. ரேஷன் கடையில் உனக்கே குடைக்காரம்மா என்றுதானே பெயர்.

பிறகுதான் பெட்டி. பெரிய சூட்கேஸ் உதவாது, அறை குறுகல், படுக்கைக்கு அடியில் நுழைகிற மாதிரி தாழ்வான பெட்டியாக இருக்கணும் என்று சேவியர் கையை விரித்துக் காட்டினான். அப்படி ஒன்று கடையில் கிடைக்காது, செய்யத்தான் வேண்டும் என்று நாம் பூந்தமல்லிக்குப் போனோம். மரப்பெட்டி என்றால் காசிம் பாய்தானே. நம் அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட் கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து மிஷின் வந்து இறங்கும் பலகைக் கூண்டுகளைப் பிரித்து வாங்கிப்போய் அவர் எத்தனையோ செய்வார். டிரங்கு செய்வார், கோழிக்கூண்டு செய்வார். நம் மாதா கோயில்காரர்களின் கடைசிப் பெட்டியும் அவரிடம்தான் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஆனால் அதற்கு அவர் கடையில் என்ன பெயர் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

நீ சும்மா டிரங்கு என்று கேட்டிருக்கலாம். கப்பலுக்குப் போகிறவள் இல்லையா, பந்தாவாகக் கேட்டாய்.

"பயணப் பெட்டி ஒண்ணு வேணும் பாய்."

பாய் இழைப்பதை நிறுத்திவிட்டு, "யாருக்கும்மா?" என்றார்.

"எனக்குத்தான்."

அவர் உன்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி எப்போது என்று கேட்டார். அடுத்த மாதக் கடைசி என்று நீ சொன்னாய். தேதிகூடத் தெரியுமா என்று கேட்டார். எம்புள்ள சொல்லிட்டான், தேதி மாறாது என்றாய். ஒரு சணல் கயிற்றை எடுத்து என்னிடம் கொடுத்து, உன்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும், பிறகு தோளுக்குத் தோளும் அளக்கச் சொன்னார்.

"ஒயரத்த உடு பாய், அகலத்துக்குக் கயிறு பத்தாது," என்றேன் நான்.

"இன்னா பாய், ஜாக்கெட்டா தைக்கப் போற?" என்றாய் நீ.

பாய் சிரிக்கவில்லை. பெட்டிக்கு ஆளை ஏன் அளக்கிறார் என்று நமக்குத் தோன்றவே இல்லையே, அண்ணி. தூக்குகிறவர் தோளுக்கு ஏற்றாற்போல் செய்வார்போலும் என்று நான் நினைத்தேன். உயரம் ஜாஸ்தி வேண்டாம், அடியில் போகிற பெட்டி என்று நீ விளக்கினாய். "எல்லாம் அடியிலதாம்மா போவுது," என்றார் அவர். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க அண்ணி மாதிரி தைரியசாலிய நான் பாத்ததில்ல," என்றார். கடல் பயணத்துக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் உன்னிடம் சொல்லி உன்னை இன்னும் கொஞ்சம் பெருக்கவைத்தேன்.

அது மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்து இறங்கிய காலையை நம் சந்து மறக்காது. ஆறடிப் பெட்டி. மூடியில் சிலுவை. நீ குளித்துக்கொண்டிருந்தாய், நான் கோயிலில். சந்துக்காரர்களாகவே அண்ணன்தான் போய்விட்டார் என்று முடிவு செய்துவிட்டார்கள். அண்ணன் டீக்கடையிலிருந்து பீடியோடு வந்தபோது அவருக்காக நாலு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். யாருக்கு என்று தெரியாமல் அவரும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

பாயும் பின்னாலேயே பஸ்ஸில் வந்தார். விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்க கடைல பயணப் பெட்டின்னா இதாம்மா. அந்தப் பேர வாயால சொல்லக் கூடாதுன்னு எங்க வாப்பா வெச்ச பேரு." திருப்பி எடுத்துப் போங்கள் என்று அண்ணன் குதித்தார். பாய் தலையை ஆட்டிவிட்டார். இந்த மாதிரி பெட்டி ஒரு வீட்டு வாசலில் இறங்கினால் கடைக்குத் திரும்பாது, அது தொழிலில் கிடையாது என்றார்.

நீ மட்டும் ஈரத் தலையோடு சிரித்தாய். சிரித்துச் சிரித்து அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாய்.

அதை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. நீதான் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினாய். அளவெடுத்த மாதிரி உள்ளே போனது. கப்பல் படுக்கைக்குச் சேவியர் காட்டிய அதே உயரம்.

நான் எஸ்டேட்டில் பேக்கிங் செக்‌ஷன்காரி, பலகையைப் பார்த்தால் எனக்குத் தெரியும். கூண்டுப் பலகையில் கறுப்பு மையில் படம் அடித்திருப்பார்கள். மேல் நோக்கி அம்பு என்றால் இந்தப் பக்கம் மேலே. கண்ணாடிக் கோப்பை என்றால் உடையும். குடை என்றால் நனையக் கூடாது. உன் பெட்டி மூடியின் உள்பக்கம், தலை வருகிற இடத்தில், குடைப் படம் பாதியாக அறுபட்டிருந்தது. வளைந்த காம்பு மட்டும் இருந்தது. "பாத்தியாடி, பாய் எனக்குக் காம்ப மட்டும் குடுத்துட்டு துணிய வெச்சிக்கினாரு," என்றாய். கப்பலில் வந்த பலகை அது, அண்ணி. நமக்கு முன்னாலேயே அது கடலைப் பார்த்திருந்தது.

அடுத்த நாளிலிருந்து நீ கப்பல் சாமான்களை அதற்குள்ளேயே அடுக்க ஆரம்பித்தாய். சேவியர் ஜிப் வைத்த பை வாங்கித் தருகிறேன் என்றான். வாங்குடா, போகிற அன்றைக்கு அதில் மாற்றிக்கொள்கிறேன், அது வரைக்கும் இது இருக்கட்டும் என்றாய். சுடிதார், மழைக்கோட்டு, தண்ணீரில் நடக்கிற செருப்பு, மோர்மிளகாய் டப்பா, வாந்திக்கு எலுமிச்சங்காய் ஊறுகாய், தைலம், குடை. வீட்டுக்கு வருகிறவர்கள் கட்டில் பக்கம் உட்காரமாட்டார்கள். நீ வேண்டுமென்றே அங்கேதான் பாய் போடுவாய்.

உள்ளே ஒரு தடவை படுத்துப் பார்த்துவிடு, ஜாக்கெட் மாதிரி இறுக்கமா என்று தெரியும் என்று உன்னைச் சீண்டினேன்.

"எனக்கு அவசரம் இல்லடி," என்றாய்.

அப்போதிருந்தே அதிலிருந்து ஒரு சத்தம் உண்டு. சாயங்காலம் எஸ்டேட்டில் ஷிப்ட் சங்கு ஊதி ஓய்ந்ததும், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு "டொக்". ஒன்றே ஒன்று. பகல் வெயிலில் உப்பிய பலகை வெயில் தாழ இறுகுகிறது என்று அண்ணன் சொன்னார். நீ ஒவ்வொரு நாளும் "வரேன் இரு" என்று பதில் சொல்வாய். நான் சிரிப்பேன்.

கப்பலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு மத்தியானம், சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு வீட்டுக்குப் போ என்றார். நான் வந்தபோது நீ கட்டிலில் படுத்திருந்தாய். மார்வலி என்றார்கள். துணி மடித்துக்கொண்டிருந்தாயாம், அப்படியே சாய்ந்தாயாம். மடித்த துண்டு உன் மடியில் இருந்தது.

பெட்டிக்கு ஆள் அனுப்பட்டுமா என்று யாரோ கேட்டார்கள். அண்ணன் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினார்.

சாமான்களை வெளியே எடுக்க என்னைத்தான் சொன்னார்கள். மூடியைத் திறந்தேன். இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. நீ எல்லாவற்றையும் ஓரமாக அடுக்கியிருந்தாய். தலைப்பக்கம் சுடிதார்கள் தலையணை மாதிரி. இரண்டு பக்கமும் துணி, டப்பா, செருப்பு. நடுவில் ஒன்றும் இல்லை. நான் தினம் செய்கிற வேலை அது, அண்ணி. நடுவில் பொருள் வைக்க இடம் விட்டு, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் வைக்கோல் திணிப்போமே, அதே மாதிரி. அவ்வளவு சாமானையும் நடுவில் குவிக்காமல் ஏன் அப்படி வைத்தாய்? டப்பா உருளாமல் இருக்கவா? உனக்கு ஏதாவது தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் அந்த வாரம் முழுக்க என்னோடு எப்படி அவ்வளவு சிரித்தாய்?

குடையை மட்டும் அண்ணன் திரும்ப உன் பக்கத்தில் வைத்தார். அது இல்லாமல் அவள் எங்கேயும் போகமாட்டாள் என்றார். மூடினோம்.

உன்னை வைத்துவிட்டுத் திரும்பும்போது யாரும் யாரிடமும் வருகிறேன் என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லக் கூடாதே. தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராகக் கரைந்துபோனார்கள். பேசாமல் ஓர் இடத்திலிருந்து நான் கிளம்பியது என் ஆயுசில் அது ஒன்றுதான்.

அடுத்த நாள் சங்கு ஊதியது. ஓய்ந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து "டொக்".

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். பெட்டி மண்ணுக்குள் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் வெறும் தரை. நான் விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. கட்டில் காலாக இருக்கும் என்று காலுக்குத் துணி சுற்றினேன். மறுநாளும் வந்தது.

பெருக்கும்போது இன்னொன்றைப் பார்த்தேன். நம் சந்தில் எத்தனை பட்டறை, காலையில் பெருக்கினால் மாலைக்குள் இரும்புத்தூள் படிந்துவிடும். கட்டிலுக்கு அடியிலும் படிகிறது. ஆனால் உன் பெட்டி இருந்த இடத்தில் மட்டும் படியவில்லை. ஆறடி நீளத்துக்கு, கோடு போட்டதுபோல், துடைத்த தரை. நான் பெருக்காமல் விட்டுப் பார்த்தேன். சுற்றிலும் தூசி ஏறியது. அந்த இடம் அப்படியே இருந்தது. யார் துடைக்கிறார்கள், அண்ணி?

கப்பலுக்கு வரமாட்டேன் என்று சேவியரிடம் சொல்லிவிட்டேன். அவன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு, அறையை யாருக்கும் கொடுக்கவில்லை அத்தை, இரண்டு படுக்கையும் விரித்துத்தான் இருக்கிறது என்றான். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் பயம்தான் வந்தது. காலியான கீழ்ப் படுக்கைக்கு மேலே எப்படித் தூங்குவது?

அப்புறம்தான் போன வாரம். நான் ஷிப்ட் முடிந்து வருகிறேன், பஸ் ஸ்டாப்பில் அந்த மீன்பாடி வண்டிக்காரர் நிறுத்தி, "யக்கா, பாய் சொல்லச் சொன்னாரு. உங்க பெட்டி ரெடியாம்," என்றார்.

உங்க பெட்டி.

வண்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டேன். யாருக்கு என்று கேட்டேன். "உங்களுக்குத்தான்," என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டார். நான் யாரிடமும் எந்தப் பெட்டியும் செய்யச் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி கண் மூடினால் நீ சணல் கயிறு பிடித்து என்னை அளக்கிறாய்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பூந்தமல்லிக்குப் போனேன். எதுவாக இருந்தாலும் என் வீட்டு வாசலில் இறங்க விடக்கூடாது, இறங்கினால் திரும்பாதே, அதுதான் எனக்குப் பயம். பாரிவாக்கம் தாண்டும்போது பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பாய் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒன்றும் வேண்டாம், நான் ஒன்றும் சொல்லவில்லை என்று தூரத்திலிருந்தே சொல்லிக்கொண்டு போனேன்.

"நீ சொல்லலம்மா. உங்க அண்ணிதான் வந்து சொல்லிச்சி."

"எப்போ பாய்?"

வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து கடையைத் திறக்கும்போது நீ வாசலில் நின்றாயாம். குடை பிடித்திருந்தாயாம். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லையாம்.

"இன்னா சொன்னாங்க?"

"'என் நாத்தனாருக்கு ஒண்ணு செய்யி பாய். என்னுது மாதிரி வேணாம். அது திரும்பி வர்ற மாதிரி செய்யி'ன்னு சொல்லிச்சி."

எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டேன். அவர் தாடியைத் தடவினார். போன மாதமா, அதற்கு அப்புறமா என்று குழம்பினார். "தூறல் போட்டுச்சே, அன்னிக்குத்தான். அது கொடையிலேந்து வாசப்படி பூரா தண்ணி," என்றார்.

அவருக்கு நீ போனது தெரியாது. பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்ததால் அவர் கடைக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லையே. நான் சொன்னேன். பாய் கையிலிருந்த ஆணியைக் கீழே வைத்தார். வாசப்படியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

இந்த வெயில் காலத்தில் அம்பத்தூரில் எனக்குத் தெரிந்து தூறல் இல்லை. பூந்தமல்லியில் மட்டும் போட்டிருக்கலாம். நீ உயிரோடு இருக்கும்போதே எனக்குத் தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் போயிருக்கலாம், எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. பாய்க்கு வயதாகிவிட்டது, நாள் மாறிச் சொல்லலாம். இரண்டாவது தடவை நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் சரியான நாளைச் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.

பாய் உள்ளே போய் அதை எடுத்துவந்தார்.

சின்னப் பெட்டி, அண்ணி. தாழ்வாக, இரண்டு பக்கமும் கயிற்றுப் பிடி வைத்து, மூலைக்குத் தகடு அடித்து, ஒரு ஆள் தூக்குகிற மாதிரி. என்னால் அதற்குள் படுக்க முடியாது என்று முதலில் அதைத்தான் பார்த்தேன். அப்புறம் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் கறுப்பு மையில் குடையின் மேல்பாதி. விரித்த துணி மட்டும். காம்பு இல்லை.

உன் பெட்டிப் பலகையின் மிச்சம்தான் இது, வீணாக்க மனசு வரவில்லை என்றார் பாய். மூடியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "இது போயிட்டு வரும்மா. திரும்பாதுன்னா நான் செய்யமாட்டேன்," என்றார்.

பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர், "இன்னாம்மா, உள்ள யாரு, டிக்கெட் எடுக்கலியா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து அதைக் கட்டிலுக்கு அடியில், அந்தத் துடைத்த தரையில், உன் தலைமாடு இருந்த இடத்தில் வைத்தேன். அண்ணன் மூடியைத் திறந்து குடைப் படத்தை மட்டும் பார்த்தார், மூடினார், வெளியே போய் நின்றுகொண்டார்.

அன்றைக்குச் சங்கு ஊதி ஓய்ந்ததும் "டொக்" வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, மெல்லிசாக, என் பெட்டியிலிருந்து. ஒருத்தி கூப்பிட இன்னொருத்தி இன்னா என்று கேட்கிற மாதிரி. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. ஆனால் என்ன செய்வது, காம்பு உன்னிடம், துணி என்னிடம். நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தால் மழை வந்தால் இரண்டு பேருமே நனைய வேண்டியதுதான். பூத்துக்குப் போய்ச் சேவியரிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொந்தக்காரர்கள் வருஷம் திரும்பாமல் கடலா என்கிறார்கள். சொல்லட்டும்.

இன்றைக்கு முழுக்கப் பெட்டி கட்டினேன். உன் செருப்பை எடுத்துக்கொண்டேன், என் காலுக்குக் கொஞ்சம் பெரிது, பரவாயில்லை. மோர்மிளகாய் டப்பா, ஊறுகாய், தைலம், மழைக்கோட்டு இரண்டு. உன் சுடிதாரில் ஒன்று. என் துணிகளை ஓரமாக வைத்தேன். நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். வேறு எதற்கும் இல்லை, திரும்பி வரும்போது மணலும் சிப்பியும் கொண்டுவர. சிரிக்காதே.

அங்கே ஒரு தீவுப் பக்கம் எஞ்சினை நிறுத்திவிடுவார்களாம், சத்தமே இருக்காதாம். இருட்டில் தண்ணீரில் கை விட்டால் பச்சையாக மினுங்கும் என்று சேவியர் சொன்னானே, இரண்டு கையையும் விட்டுப் பார்க்கணும் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாயே. நான் ஒரு கையைத்தான் விடுவேன். பக்கத்தில் இன்னொரு கை மினுங்கினால் கத்தமாட்டேன். முயற்சி செய்கிறேன்.

இதோ சங்கு ஊதுகிறது. கொஞ்சம் இரு.

வந்தது. இரண்டும் வந்தது.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், அண்ணி. என் பெட்டியை நான் எடுத்துக்கொண்டு போன பிறகு, காலியான கட்டிலுக்கு அடியில் ஒரு சத்தம் தனியாகக் கேட்டால் அண்ணன் தாங்கமாட்டார். அவருக்குப் பதில் சொல்லவும் தெரியாது. அதனால் நீ என்னோடு கிளம்பிவிடு. நாளைக்கு உன் கல்லறைக்கு வருவேன். அங்கே வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்லத்தான் போகிறேன், அதுவும் சத்தமாக.

நான் மேல் படுக்கையில் படுத்துக்கொள்கிறேன். கீழ்ப் படுக்கை உனக்கு. அதன் அடியில்தான் பெட்டி இருக்கும், பத்திரமாகப் பார்த்துக்கொள். பயணம் முடிந்ததும் பெட்டியையும் உன்னையும் திருப்பிக் கொண்டுவந்து அதே இடத்தில் சேர்ப்பேன். இது என் சத்தியம். அதுவரை அங்கே தூசி விழாமல் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. வந்து நானே துடைக்கிறேன்.

உன்னைச் சணல் கயிற்றால் அளந்த, உன் வாயாடி நாத்தனார்,
பிலோமினா